லாயத்து வாசல் – 14: வாலுக்கடியில் மிளகு

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குத் திருப்பூரிலிருந்து குன்னத்தூர், கோபி வழியாகக் கார்கள் கிளம்பும். போகிறவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான். கையில் காசோடு போகிற பனியன் கம்பெனிக்காரருக்கு முதலில் கண்ணில் படுவது வெள்ளைக் குதிரை. சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், நடத்திப் பார்ப்பார்கள், ஓடவிட்டுப் பார்ப்பார்கள். வாலைத் தூக்கிப் பார்த்தவர் என்று நான் கண்டது ஒரே ஒருவரைத்தான். ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பெரியவர். திருப்பூர்ப் பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருவர் அவரைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

பெரியவர் வாலுக்கடியில் விரலை ஓட்டினார். "தம்பி, மிளகு இருக்குதுங்க. புடிச்சா வாங்குங்க, ஆனா வெலயக் கொறச்சுக் கேளுங்க" என்றார்.

"மிளகுன்னா என்னங்கய்யா?"

"தடவிப் பாருங்க."

தடவினார். தோலுக்கடியில் மூன்று முடிச்சுகள். உருண்டையாக, கெட்டியாக, கறுப்பாக. மருத்துவர்கள் இதை மெலனோமா என்பார்கள். தோலுக்கு நிறம் தருகிற உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி உண்டாகிற கட்டி.

காங்கேயம் மாடு வளர்க்கிறவர்களுக்கு நிறம் மாறுவது புதிதில்லை. கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்துக்குள் மயிலையாகிவிடும். அது வேறு வழி, அதற்கும் இந்த முடிச்சுக்கும் சம்பந்தமில்லை. நாம் வெள்ளை என்று வாங்குகிற குதிரைகளில் பெரும்பாலானவையும் கறுப்பாகவோ செவலையாகவோ பிறந்தவைதான். வருஷா வருஷம் முடி வெளுத்துக்கொண்டே வரும். தோல் மட்டும் கடைசி வரை கறுப்பு.

இந்த வெளுப்புக்கான காரணத்தை 2008-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து லெய்ஃப் ஆண்டர்சன் குழு கண்டுபிடித்தது. எஸ்.டி.எக்ஸ்.17 என்ற மரபணுவுக்குள் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, படியெடுத்து ஒட்டினாற்போல் கூடுதலாக இருக்கிறது. உலகத்தில் இப்படி வெளுக்கிற குதிரைகள் அனைத்துக்கும் இந்தத் துண்டு ஒரே மூதாதையிடமிருந்து வந்தது.

சாயப்பட்டறைக் கணக்கில் சொன்னால் திருப்பூர்க்காரருக்குச் சட்டென்று விளங்கும். முடிக்காலில் இருக்கும் நிற உயிரணுக்களை இந்தத் துண்டு விரட்டி விரட்டி வேலை வாங்குகிறது. சரக்கு சீக்கிரமே தீர்ந்துபோகிறது; அதற்குப் பிறகு முளைப்பதெல்லாம் வெள்ளை முடி. தோலுக்குள் இருக்கும் நிற உயிரணுக்களையும் இதே துண்டுதான் விரட்டுகிறது. ஆனால் அங்கே சரக்கு தீர்வதில்லை, பெருகுகிறது. மேலே துணி வெளுத்துக்கொண்டே போக, தொட்டியின் அடியில் சாயம் கட்டிதட்டுகிறது.

2024-ல் இன்னொரு சங்கதி தெரியவந்தது. அந்தத் துண்டு இரண்டு படியாக இருந்தால் குதிரை மெதுவாக வெளுக்கும், மெலனோமாவும் வருவதாகத் தெரியவில்லை. மூன்று படியாக இருந்தால் வேகமாக வெளுக்கும், கட்டியும் வரும். அயர்லாந்தின் கன்னிமாரா மட்டக் குதிரைகளில் இந்த மெதுவான வகை உண்டு. சீக்கிரம் வெளுத்த குதிரைக்குத்தான் சந்தையில் கிராக்கி என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் இனத்தில் 296 வெள்ளைகளைச் சோதித்தபோது பாதிக்குப் பாதி கட்டியோடு இருந்தன. 15 வயது தாண்டியவற்றில் நான்கில் மூன்று. அப்படியும் பெரும்பாலானவை வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஆகவே முடிச்சைக் கண்டதும் குதிரை போய்விட்டது என்று அலறவேண்டாம். வெயிலில் கட்டியதால் வந்தது என்று குதிரைக்காரப் பையனைத் திட்டவும் வேண்டாம். வாலுக்கடியில் எந்த வெயில் படுகிறது?

நொக்ரா என்று சொல்லி விற்கிற, ரோஜா நிறத் தோல் கொண்ட வெள்ளைகளின் கதை வேறு. அவற்றுக்கு வெயில்தான் எதிரி. கண்ணோரத்திலும் உதட்டிலும் வேறு வகைப் புற்று வரும். உதட்டைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தோல் கறுப்பென்றால் வாலைத் தூக்குங்கள். அங்கே மட்டுமல்ல, உதடு, கண்ணிமை, காதுக்குக் கீழே தாடை திரும்புகிற இடம், ஆண்குதிரை என்றால் குறியுறை எல்லாவற்றையும் தடவிப் பார்க்கவேண்டும்.

லாயங்களில் கிடைக்கிற முதல் அறிவுரை, "தொடாதீங்க, தொட்டாப் பரவிரும்." இது முழுப் பொய் இல்லை. தேங்காய் அளவுக்கு வளரவிட்டு, பிறகு அரைகுறையாக அறுத்தால் தொல்லைதான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை குதிரைகளின் விஷயத்தில் காலம் கடத்தியிருக்கிறோம்! பட்டாணி அளவில் இருக்கும்போது, குதிரையை நின்றபடியே மயக்கி, மரப்பு ஊசி போட்டு, முழுசாக எடுத்துவிட்டால் அந்த இடத்தில் திரும்ப வருவது குறைவு. திரவ நைட்ரஜனால் உறைய வைத்துக் கருக்குகிற முறையும் உண்டு. சினை ஊசிக்கான உறைவிந்தை வைத்திருக்கும் குடுவையில் இருப்பதும் இதே நைட்ரஜன்தான், மைனஸ் 196 டிகிரி. அதற்காகக் குடுவையைக் கடன் வாங்கி வீட்டில் முயலக்கூடாது. அறுக்க முடியாத கட்டிக்குள் சிஸ்பிளாட்டின் மருந்தை ஊசியாகச் செலுத்துவார்கள். போடுகிற மனிதருக்கே ஆபத்தான மருந்து என்பதால் பழகிய கை வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடின் மாத்திரையை 1990 வாக்கில் பெரிதாகப் பேசினார்கள். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன். நாய்களின் வாய் மெலனோமாவுக்கு அமெரிக்காவில் வந்த தடுப்பூசியைக் குதிரைக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். சில கட்டிகள் சுருங்கியிருக்கின்றன.

சுண்ணாம்பு, மயில்துத்தம், சூட்டுக்கோல் மூன்றையும் கிட்டே கொண்டுவரக்கூடாது. கட்டி உடைந்தால் தார் போலக் கறுப்பாகக் கசியும், ஈ மொய்க்கும், இரண்டு நாளில் புழு வைக்கும். ஆசனவாயைச் சுற்றி அடைத்துக்கொண்டால் சாணம் போட முடியாமல் வயிற்றுவலியில் புரளும். உள்ளுக்குள் பரவி, நிற்கவும் முடியாத நிலை வந்தால், வலியில்லாமல் கண்மூட வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்போது உடுமலைப்பேட்டையிலும் வந்துவிட்டது. கட்டியை எடுக்கலாமா, விடலாமா என்று கேட்க ஊர் தாண்டி அலையவேண்டியதில்லை.

அந்தக் கம்பெனிக்காரர் விலையைக் குறைத்து அந்தக் குதிரையையே வாங்கினார். ஏழு வயது. மாதம் பிறந்ததும் கட்டிங் மாஸ்டரிடமிருந்து டேப் வாங்கி வந்து அளப்பார். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் போனில் படம் எடுப்பார். ஐப்பசியில் பெரிய முடிச்சு 9 மில்லிமீட்டர். தையிலும் 9. மாசியில் 14. அன்று ராத்திரியே மருத்துவருக்குப் போன் போட்டார். இரண்டை எடுத்தார்கள். மூன்றாவது ஆசனவாயின் சுருக்குத் தசையை ஒட்டி இருந்ததால் விட்டுவிட்டார்கள், அளந்துகொண்டிருக்கச் சொல்லி.

போன வாரம் போயிருந்தேன். வண்டி பூட்டும்போது வாலுக்கடியில் போகிற தோல்வாரில் பனியன் வேஸ்ட் துணியை மெத்தென்று சுற்றியிருந்தார்கள். டேப் லாயத்து ஆணியில் தொங்கியது.

"கட்டிங் மாஸ்டர் தேடமாட்டாருங்களா?" என்றேன்.

"அவருக்குப் புதுசு வாங்கிக் குடுத்தாச்சுங்க."

(தொடரும்)