துப்பாக்கியில் எது துப்பாக்கி?

அமெரிக்காவில் துப்பாக்கி உதிரிபாகங்கள் விற்கும் இணையதளங்களைப் பார்த்தால், சில பொருள்களுக்குக் கீழே ஒரு சின்ன வரி இருக்கும்: இந்தந்த மாநிலங்களுக்கு இதை அனுப்ப மாட்டோம். கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி பெயர்கள் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். ஒரே நாடு, ஒரே பொருள். டெக்சாஸில் கடைச் சரக்கு, நியூ ஜெர்சியில் குற்றம். இது எப்படி என்று தோண்டிப் பார்த்ததில் புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது எது? 1968-ல் வந்த ஃபெடரல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஃபிரேம் அல்லது ரிசீவர் எனப்படும் அடிச்சட்டம் தனியாகக் கிடந்தாலும் அது துப்பாக்கிதான். வரிசை எண் இருப்பதும் அதில்தான். ஏஆர்-15 ரகத்தில், விசை உட்காரும் கீழ்ப்பாதிதான் அது. சிக் சவர் பி320 கைத்துப்பாக்கியில், உள்ளே இருக்கும் விசைப்பகுதிதான் 'துப்பாக்கி'. நாம் கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் பிடி வெறும் பாகம்.

அடிச்சட்டத்தை வேறு மாநிலத்துக்காரருக்கு விற்கணும்னா, அவர் ஊரில் உரிமம் பெற்ற ஒரு டீலர் வழியாகப் போகணும். அங்கே வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பார்கள். குழல், பிடி, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) போன்றவற்றுக்கு ஃபெடரல் சட்டத்தில் இந்தச் சடங்கு இல்லை. சைலன்சர் மட்டும் விதிவிலக்கு. அது தனியாகவே துப்பாக்கிக் கணக்கில் சேரும்.

'அப்போ மேகசினைத் தாராளமா தபால்ல போடலாமே' என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். ஃபெடரல் சட்டம் அடித்தளம் மட்டும்தான். அதன் மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் மாடியைக் கட்டிக்கொள்கிறது.

10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் புது மேகசின்களை 1994-ல் ஃபெடரல் சட்டமே தடை செய்தது. 2004-ல் அது காலாவதியானது. மாநிலங்களின் வரம்புகள் அப்படியே நின்றன, புதிதாகவும் வந்தன. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, வாஷிங்டன் மாநிலங்களில் 10. கொலராடோவில் 15. டெலவேரில் 17. இல்லினாயில் நீளத் துப்பாக்கிக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15. ஆக, 17 தோட்டா மேகசின் ஒன்று டெலவேருக்குப் போகலாம், பக்கத்திலிருக்கும் நியூ ஜெர்சிக்குப் போகக் கூடாது. கழற்றி 'பாகங்கள்' என்று அனுப்பினாலும் தப்ப முடியாது. பெரிய மேகசினாக மாற்றும் கிட்களையும் கலிஃபோர்னியா தடை செய்திருக்கிறது.

இன்னொரு உதாரணம் பம்ப் ஸ்டாக். துப்பாக்கியின் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தி, வேகமாகச் சுட உதவும் பாகம். 2017 லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பிறகு ஃபெடரல் அரசு தடை போட்டது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. 'இனி நாடு முழுக்க விற்கலாம்' என்று யாராவது நினைத்தால் மாட்டிக்கொள்வார்கள். மாநிலத் தடைகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. துப்பாக்கிக்கு இணக்கமான மாநிலம் என்று பெயரெடுத்த ஃபுளோரிடாவே 2018-ல் இதற்குத் தடை கொண்டுவந்தது.

விற்பவர் தூரத்தில் இருந்தால் தப்பிக்கலாமா? 2022-ல் நியூ யார்க் அட்டர்னி ஜெனரல், பாகங்கள் விற்ற 10 நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார். விற்கிற இடத்தை விட, பொருள் போய்ச் சேருகிற இடம்தான் கேள்வி. துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்து பயணம் செய்பவர்களுக்கு 1986 சட்டம் தரும் பாதுகாப்பைச் சிலர் காட்டுவார்கள். அது பயணிக்கு, வியாபாரிக்கு இல்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு பக்கமும் இருக்கிறது. வீட்டில் மீந்த மேகசினை ஏலத் தளத்தில் விற்கும் சாதாரண ஆள், தெரியாமலே வேற மாநிலத்துக் குற்றத்தில் சிக்கலாம். மறுபக்கம், முக்கால்வாசி செய்து முடித்த அடிச்சட்டத்தை 'இது இன்னும் துப்பாக்கி இல்லை' என்று கிட்டாக விற்றார்கள். எண்ணும் இல்லை, சோதனையும் இல்லை. சோதனையில் தேறாத ஆளும் அதை வாங்கிப் பொருத்திவிடலாம். அப்படிப்பட்ட கிட்களையும் துப்பாக்கியாகக் கருதும் 2022 விதியை, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றது.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், பொருளின் பெயரை மட்டும் வைத்து இதற்கு 'சரி', 'தப்பு' என்று பதில் தர முடியாது. பொருள், அதன் அம்சங்கள், போகும் மாநிலம், போகும் நகரம், இன்றைய தேதி என்று ஐந்து உள்ளீடுகளும் வேணும். நகரம் ஏன் என்றால், உள்ளூர் விதிகள் மாநில விதியை விடக் கடுமையாக இருக்கலாம். தேதி ஏன் என்றால், பம்ப் ஸ்டாக் கதையே போதும். ஐந்தில் ஒன்று தெரியவில்லை என்றாலும் அந்தக் கடைகள் செய்வதுதான் சரி: அனுப்பாமல் இருப்பது.