தொழில் வளர உறவே முதல்: ஒரு கொத்துத் தலைவி காட்டிய வழி

புதிதாகச் சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் சிறு விவசாயிகள் பலர் முதலில் பணத்தைப் பற்றியே கவலைப்படுகின்றனர். நடவு, அறுப்பு வேலைகளைப் பேசி எடுத்துச் செய்தல், நாற்று வளர்த்து விற்றல், மருந்து தெளித்தல், கருவிகளை வாடகைக்கு ஓட்டுதல் போன்ற தொழில்களில் பணத்திற்கும் முன்னதாக வேண்டியது ஒன்று உண்டு. வேலை கொடுப்பவர், உடன் உழைப்பவர், அதே தொழிலில் உள்ள மற்றவர், கடன் தரும் வங்கி ஆகிய நான்கு தரப்பினரோடும் நல்லுறவு வேண்டும். இதற்கு மதுரை மாவட்டத்திலேயே சிறந்த சான்று இருக்கிறது.

கொத்து முறை

அழகர்கோவில் பகுதியைச் சேர்ந்த புல்லுச்சேரி கிராமத்தில் வாழ்ந்தவர் திருமதி சின்னப்பிள்ளை. சொந்த நிலம் இல்லாத விவசாயத் தொழிலாளி. பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களைச் சேர்த்து அழைத்துச் செல்லும் கொத்துத் தலைவியாக இருந்தார். நிலச் சொந்தக்காரரிடம் கூலியைப் பேசி முடிப்பதும், வேலையை ஒப்படைப்பதும், கூலியைப் பிரித்துக் கொடுப்பதும் கொத்துத் தலைவியின் பொறுப்பாகும். வயதானவர்களையும் உடல் வலுவில்லாதவர்களையும் அவர் ஒதுக்கவில்லை. அவர்களுக்கும் வேலை கொடுத்து, சமமாகவே கூலி பிரித்தார். உடன் உழைப்பவர்களின் நம்பிக்கை அவருக்குக் கிடைத்ததற்கு இதுவே காரணம்.

நாள் தவறினால் நட்டம்

கால்வாயில் தண்ணீர் வந்ததும் எல்லா வயல்களிலும் நடவு ஒரே நேரத்தில் வந்துவிடும். குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றுகளை 18 முதல் 22 நாட்களுக்குள்ளும், மத்திய கால இரகங்களின் நாற்றுகளை 25 முதல் 30 நாட்களுக்குள்ளும் நடவு செய்ய வேண்டும். நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். ஆகவே, சொன்ன நாளில் வரும் கொத்தையே விவசாயி அடுத்த பட்டத்திற்கும் தேடுவார்.

வேலையின் தரமும் அவ்வாறே. 20-க்கு 10 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்துகள் அமையும். வேகமாக முடித்துவிட வேண்டும் என்று கலக்க நட்டால் குத்துகள் குறைந்து, அந்த நட்டம் அறுவடையில் தெரியும். அந்த விவசாயி அடுத்த முறை வேறு ஆளைத் தேடுவார்.

களஞ்சியம்

ஒரு கொத்து தனியாக எவ்வளவு உழைத்தாலும், அவசரத்திற்குக் கந்து வட்டிக்குக் கடன் வாங்கினால் கூலி வட்டிக்கே போய்விடும். இந்நிலையை மாற்ற மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் என்னும் மகளிர் சேமிப்புக் குழுக்களில் சின்னப்பிள்ளை சேர்ந்தார். பிற ஊர்ப் பெண்களையும் சேர்த்தார். குழுக்கள் ஒன்று சேர்ந்து தொகுப்பாகவும், பின்னர் வட்டாரக் களஞ்சியமாகவும் அமைந்தன.

தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி (நபார்டு) 1992-ஆம் ஆண்டில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. சொத்து அடமானம் இல்லாதவர்க்கும், குழுவின் சேமிப்பையும் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கையும் நம்பி வங்கி கடன் கொடுக்க இதனால் வழி பிறந்தது.

2001-ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லியில் ஸ்திரீ சக்தி விருதை வழங்கிய பிரதமர் வாஜ்பாய், சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கடைப்பிடிக்க வேண்டியவை

இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. எனினும் இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டுபவருக்கும் இதே முறை பொருந்தும்.

1. வேலை தொடங்கும் முன்பே பரப்பு, கூலி, முன்பணம், நாள் ஆகியவற்றைப் பேசி நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2. சொன்ன நாளில் போக முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவித்து, வேறு ஆளை ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும்.

3. தன்னால் ஏற்க முடியாத வேலையை அதே தொழிலில் உள்ள மற்றவருக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். வேலை குறைந்த காலத்தில் அவர் திருப்பிக் கொடுப்பார். போட்டிக்காகக் கூலியைக் குறைத்துப் பேசினால் இருவருக்குமே நட்டம்.

4. கூலியை எல்லோர் முன்னிலையிலும் கணக்குச் சொல்லிப் பிரிக்க வேண்டும்.

5. சிறு தொகையானாலும் மாதந்தோறும் சேமித்து, வாங்கிய கடனைத் தவணை தவறாமல் செலுத்த வேண்டும். அடுத்த கடனுக்கு அதுவே பிணை.

6. புதிய முறைகளைக் கற்க, மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், கருவிகள் பற்றி அறிய வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.

முதல் பட்டத்தில் வேலை கிடைப்பது பேச்சினால் இருக்கலாம். அடுத்தடுத்த பட்டங்களில் கிடைப்பது நாணயத்தினால்தான். இதை உணர்ந்து நடக்கும் சிறு விவசாயிகள் குறைந்த முதலீட்டிலும் தொழிலை நிலைநிறுத்திக்கொள்ள முடியும்.