ஊறுகாய்க் கிழங்கு பூச்சிக்கு எமன்! தெரியுமா?

தயிர்சாதத்துக்கு மாகாளிக்கிழங்கு ஊறுகாய் கேட்டு வாங்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் ஆசையாகக் கடிப்பது ஒரு பூச்சிக்கொல்லியை! பயம் வேண்டாம், நமக்கு அது வெறும் கிழங்குதான்.

கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. விஞ்ஞானிகள்! இளவரசிக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அது. அரண்மனைக்குள் அரிசி வண்டு ஆராய்ச்சி! மாகாளிக்கிழங்குச் சாறு சேமித்த தானியத்தைப் பூச்சியிடமிருந்து காக்கிறது என்று 1999லேயே எழுதிவிட்டார்கள்.

2012இல் அடுத்த அதிர்ச்சி! கிழங்கிலிருந்து டெக்காலிசைடு 1, டெக்காலிசைடு 2 என்று இரண்டு புத்தம்புது மூலக்கூறுகள். இரண்டும் என்ன வகை? காரமா, கசப்பா? இல்லை, சர்க்கரை வகை! ட்ரைசாக்கரைடு!

ஈ எதால் ருசி பார்க்கிறது தெரியுமா? காலாலும்! பலகாரத்தின் மேல் வந்து உட்கார்ந்ததுமே அதற்கு ருசி தெரிந்துவிடும். இந்த விசித்திரச் சர்க்கரை தாக்குவதும் அங்கேதான். காலில் பட்டால் கதை முடிந்தது! ஆனால் அதையே பூச்சி வாய்வழியாகத் தின்றால்? ஒன்றும் ஆவதில்லை! மிதித்தால் சாவு, தின்றால் பிழைப்பு. இப்படி ஒரு விஷம் கேள்விப்பட்டதுண்டா?

நம் வயிற்றுக்குள் போனால்? செரிமான நொதிகள் சுலபமாக உடைத்துவிடும். உடைந்தால் கொல்லும் சக்தியும் போச்சு!

மாகாளிக்கிழங்கில் மூட்டைப்பூச்சி நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. (அவர்கள் பங்கையும் நானே சாப்பிடத் தயார்!) அந்த மணத்தின் முக்கிய மூலக்கூறில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். வெனிலா ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலினிலும் அச்சு அசல் அதே எண்ணிக்கை! அடுக்கு மட்டும்தான் வேறு. நன்னாரி சர்பத்தில் மணப்பதும் இதே மாகாளி மூலக்கூறுதான்!

பூச்சிக்கு எமன் மாகாளி மட்டுமா? வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியைப் பட்டினி போட்டே சாகடிக்கும், தெரியுமா? 1968இல் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து முடிக்க கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு ஆன காலம்? 22 ஆண்டுகள்! 2007இல்தான் கைகூடியது. நம் தெருமுனை மரமோ வருஷாவருஷம் சும்மா உதிர்க்கிறது!

கொசுவத்தியும் பிறந்தது ஒரு பூவிலிருந்துதான்! சாமந்திக் குடும்பத்துப் பைரெத்ரம். ஜப்பானில் முதலில் நேரான குச்சியாகத்தான் செய்தார்கள். தூங்கி முடிப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிட்டது! சுருட்டிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் தயாரிப்பாளர் உவேயாமாவின் மனைவி யூக்கி.

மைசூரு பக்கத்துப் பந்திப்பூர் காட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் இலையிலும் ஒரு பூச்சிக்கொல்லி! பெயர் குமரான். தமிழ்ப் பையன் பெயர் மாதிரி இல்லை?

உண்ணிச்செடிக்குப் பஞ்சமே இல்லை. மாகாளிக்கோ நேர்மாறு! வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். பிளிகிரிரங்கன மலையில் சோலிகர் பழங்குடியினர் தேடித் தோண்டும் இந்த வேர் இப்போது அருகி வருகிறது. அதனால்தான் அதே சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் திசு வளர்ப்பு முறையில் மாகாளிக் கன்றுகளை உருவாக்கிப் பார்த்தார்கள். ஆம், ஊறுகாய்க் கிழங்குக்குச் சோதனைக்குழாய்க் குழந்தை!