உண்ணி கடித்த பிள்ளைக்கு எந்தக் காய்ச்சலைப் பற்றி யோசிக்க வேண்டும்?



ஆட்டுக் கொட்டிலில் விளையாடிய பிள்ளையின் கழுத்தில் ஓர் உண்ணி ஒட்டியிருந்தால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிடுவதே எமது பழைய வழக்கம். இப்பொழுது அப்படியல்ல. கனடாவிலுள்ள உறவினர் தொலைபேசியில் இதைக் கேள்விப்பட்டதும், "லைம் நோயாக இருக்கும், உடனே இரத்தம் சோதியுங்கோ" என்கின்றனர். அரியாலையில் பற்றை மூடிய காணியைத் துப்புரவு செய்யப் பிள்ளைகளோடு போய்வரும் தாய்மாருக்கு இது பெரிய பயமாகிவிடுகிறது.

உறவினர் சொல்வது பொய்யல்ல. 1975 இல் அமெரிக்காவின் லைம் என்ற ஊரில் பல சிறுவர்களுக்கு ஒரே காலத்தில் முழங்கால் வீங்கியதிலிருந்து இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. 1982 இல் வில்லி பேர்க்டோபர் என்ற ஆராய்ச்சியாளர் அதன் கிருமியை உண்ணியில் கண்டறிந்தார். எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவின் ஓரத்திலுள்ள ரூஜ் பள்ளத்தாக்கிலும் அவ்வுண்ணி உண்டு. அங்கே இருப்பவர்கள் அஞ்சுவது நியாயமே. ஆனால் அது குளிர்நாட்டுக் காடுகளில் மானையும் எலியையும் அண்டி வாழும் ஒருவகை உண்ணி. எமது ஆட்டிலும் மாட்டிலும் நாயிலும் இருப்பவை வேறு இனங்கள். எனவே அரியாலையில் உண்ணி கடித்த பிள்ளைக்கு லைம் சோதனை தேடிக் கொழும்புக்கு அலைவது வீண் செலவு.

அப்படியானால் பயமே வேண்டாமா? இங்கேதான் நாம் சற்று நிதானமாகப் பேசவேண்டும். யாழ்ப்பாணத்தில் அவதானிக்க வேண்டிய வேறொரு காய்ச்சல் உண்டு. ஊரில் அதை உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். வைத்தியர்கள் ஸ்கிறப் ரைபஸ் என்பர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் இலங்கையிலும் பற்றைகளுக்குள் பாளையமிட்ட படைவீரர்களை வாட்டியதும் இதுவே. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில், ரைபஸ் காய்ச்சல் என்ற பகுதியில் யாழ்ப்பாண மாவட்டம் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. வடக்கில் இந்நோய் தலைதூக்குவதை எமது வைத்தியர்கள் 2014 இல் ஓர் ஆய்விலும் எழுதியுள்ளனர்.

பெயரில் உண்ணி இருந்தாலும், கடிப்பது நாம் கண்ணால் காணும் உண்ணியல்ல. அதன் தூரத்து உறவான மிகச்சிறிய பூச்சியொன்றின் குஞ்சு. புள்ளியிலும் சிறியது. புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, வழமையாக எலியில் ஏறும். மனிதர் வந்தால் மனிதரிலும் ஏறும். கடிப்பது வலிக்காது, அரிக்கவும் வேண்டியதில்லை. ஆகவே கண்ட உண்ணிக்குப் பயந்து, காணாத பூச்சியை மறந்துவிடுகிறோம்.

இடம்பெயர்ந்தோருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து சென்றபோது அரியாலையும் வெறுமையாயிற்று. 2000 இல் கிழக்கு அரியாலை மறுபடி போர்முனையானது. மனிதர் இல்லாத காணியில் வடலியும் உண்ணிச்செடியும் முட்புல்லும் எழுந்தன. இடிந்த சுவருக்குள் எலி குடியேறியது. எலியும் பற்றையும் சேர்ந்த இடமே இப்பூச்சியின் வீடு. கண்ணிவெடி அகற்றியாயிற்று என்ற உறுதி கிடைத்த பின்னரும் அந்தக் காணிக்குள் இந்தச் சிறு ஆபத்து மிஞ்சியிருக்கும்.

கடித்து ஆறு நாள் முதல் மூன்று கிழமைக்குள் காய்ச்சல் தொடங்கும். கடுந்தலையிடி, உடம்பு உளைவு, இருமல், சிலருக்குக் காது மந்தம், நெறி கட்டுதல். மாரிக்குப் பின் வரும் குளிர்மாதங்களில் இது கூடுதலாகக் காணப்படும். அதே மாதங்களில் டெங்கும் வரும், எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலரின் உயிரைப் பறித்தது எலிக்காய்ச்சலே. ஒன்றையொன்று பிரித்தறிவது வைத்தியருக்கும் கடினம்.

ஆனால் ரைபஸ் பல வேளைகளில் ஓர் அடையாளம் வைத்துச் செல்லும். கடித்த இடத்தில் சுருட்டு நெருப்புச் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியில்லாதபடியால் பிள்ளை சொல்லாது. அக்குள், கவட்டு, இடுப்பில் உடுப்பு இறுகும் இடம், காதுக்குப் பின்புறம், தலைமயிருக்குள், மார்பின் கீழ், பிறப்புறுப்பு ஆகிய மறைவான இடங்களிலேயே அது பெரும்பாலும் இருக்கும். காய்ச்சற் பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் முழுதாகப் பாருங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் வெட்கத்தால் மறைப்பதுண்டு. தாயோ பேத்தியோ பார்க்கட்டும். பொருக்கு இல்லையென்பதால் நோய் இல்லையென்றும் ஆகாது.

இதைக் கண்டு சொல்வதில் ஓர் உயிரே தங்கியிருக்கலாம். வழமையாகத் தரும் அமொக்சிலின் இந்நோய்க்குச் சற்றும் உதவாது. டொக்சிசைக்கிளின் என்ற விலை குறைந்த பழைய மருந்து கேட்கும்; தொடங்கினால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பர். பல் மஞ்சளாகும் என்று முன்னர் சிறுவருக்கு டொக்சிசைக்கிளினைத் தவிர்த்தனர். சில நாள் சிகிச்சையில் அப்பயம் தேவையில்லையென்பது இன்றைய கருத்து. அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படும். இரத்தப் பரிசோதனை முதல் நாட்களில் பிடிபடாமலும் போகலாம். ஆதலால் முடிவுக்குக் காத்திராமல் வைத்தியர் மருந்தைத் தொடங்கினால் வியப்படைய வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். கூரிய சிறு இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்தெடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். காதுக்குள் இருந்தால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திகதியைக் கலண்டரில் குறித்து மூன்று கிழமை பாருங்கள். உண்ணியாலும் ஒருவகை ரைபஸ் பரவும். அது மலைநாட்டுப் பக்கமே கூடுதல், அதற்கும் அதே மருந்துதான்.

காணியில் வேலை செய்யும் நாளில் நீளக் காற்சட்டையும் நீளக்கைச் சேட்டும் நல்லது. ஈர உடுப்பைப் பற்றைமேல் காயவிட வேண்டாம். களைத்தாலும் புல்லில் படுக்க வேண்டாம். வீடு வந்ததும் உடுப்பை மாற்றிச் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் குளித்தால் பூச்சி கடிக்குமுன்னரே கழன்றுவிடும்.

இன்னொன்று. வவுனியாவிலோ கொடிகாமத்திலோ தங்கியிருந்து அரியாலைக்குப் போய்வரும் குடும்பங்களின் பிள்ளைக்கு, காய்ச்சல் வருவது போய்வந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. தங்கியிருக்கும் ஊரின் வைத்தியருக்கு அந்தப் பயணம் தெரியாது. "இன்ன திகதியில் பற்றை வெட்டிய காணியில் பிள்ளை நின்றது" என்று அவர் கேட்காமலே சொல்லுங்கள். பொருக்கைக் கண்டிருந்தால் அதையும் காட்டுங்கள்.