வெட்கமும் வைத்தியமும்

மேகநோய், வெட்டை, பரங்கிப்புண் என்று நம் முன்னோர் பெயரிட்டழைத்தவையும், இன்று அரசு ஆஸ்பத்திரிப் பலகைகளில் பால்வினை நோய்கள் என்று குறிக்கப்படுபவையுமான வியாதிகளுள் பல, மருந்தைப் பொறுத்தமட்டில் வைத்தியரை அதிகம் திணறச் செய்பவை அல்ல. பரங்கிப்புண்ணாகிய சிபிலிஸ், ஆரம்ப தசையில் கண்டறியப்பட்டால், 24 லட்சம் யூனிட் பென்சதீன் பெனிசிலினை ஒரே வேளையில் ஊசி மூலம் செலுத்தக் குணமாகிவிடுகிறது. அவ்வாறிருந்தும் இந்நோய் நம்மிடையே நிலைத்திருப்பதற்குக் காரணம் தேடுகிறவர்கள், வைத்தியர் அறையில் என்ன கேட்கப்படுகிறது, எந்தக் குரலில் கேட்கப்படுகிறது என்பதைச் சற்றே கவனிக்க வேண்டும்.

சிபிலிஸின் முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சிகிச்சை செய்யாவிடினும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். பெரும் சங்கோசத்தோடு வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது மேஜையைச் சுற்றிலும் அந்நியர் நிற்கக் கண்ட ஒருவன், வயிற்றுவலி என்று சொல்லி அதற்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவானாயின், புண் மறைந்ததும் நோயும் நீங்கியதென்றே நம்புவான். கிருமியோ உள்ளே தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் இருதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கர்ப்பிணியிடமிருந்து சிசுவையும் பற்றக்கூடும். ஆகவே சாத்திய கதவும், ஒரு திரையும், நிந்தனையற்ற கேள்வியும் சிகிச்சையின் அங்கங்களே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆய்வுக்கூட வசதி குறைந்த இடங்களுக்கென, நோய்க்குறிகளின் தொகுதியைக் கண்டே மருந்து கொடுக்கும் முறையைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நம் தேசத்தில் பரப்பியிருக்கிறது. சிறுநீர்த்துவாரத்தில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், பிறப்புறுப்பில் புண்ணென்றால் வெள்ளை, கொப்புளமென்றால் சிவப்பு என்று நிறமிட்ட மருந்துகள் இலவசமாகத் தரப்படுகின்றன. நோயாளியை மறுநாள் வரச் சொல்லி இழந்துவிடாமல் அன்றே மருந்தளிப்பது இதன் பெருநன்மை. ஆனால் வெட்டையாகிய கொனோரியாவும் கிளமிடியா என்னும் தொற்றும் பெண்களில் பலருக்கு எந்தக் குறியையும் காட்டாமலே கருப்பையையும் கருக்குழாய்களையும் கெடுத்து மலடாக்கக்கூடும். குறியில்லாதவளுக்கு இம்முறையில் பொட்டலம் ஏது? இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. வெள்ளைப்படுதல் பல சமயங்களில் உடலுறவால் தொற்றாத பூஞ்சையாலோ, யோனியில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதாலோ ஏற்படுவது. அதைத் தீர விசாரியாது, பால்வினை நோயென்று மாமியார் முன்னிலையில் வைத்தியர் சொல்லிவிடும் ஒரு வார்த்தை, எந்த மருந்தாலும் நிவர்த்திக்க இயலாத சந்தேகத்தைக் குடும்பத்தில் விதைத்துவிடும். பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். வாய்திறந்து பேசச் செய்யவும், பரிசோதிக்கவும், சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனைக்கும், எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்துக்கும் ஏன் போகவேண்டுமென்று விளக்கவும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வைத்தியருக்கு அளிக்காத நிர்வாகத்துக்கும் இக்குறையில் பங்குண்டு.

எல்லாவற்றிலும் கடினமானது துணைவருக்கும் சிகிச்சையளிப்பது. கணவன் மட்டும் மருந்துண்டு, மனைவி அறியாதிருப்பாளாயின், நோய் அவனிடம் திரும்பி வருகிறது. நோயாளியையே மெல்லத் தூண்டி, அவன் வாயாலேயே துணைவிக்குச் சொல்லவைப்பதும், இருவரையும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்கச் செய்வதும் நல்ல வைத்தியரின் வழி. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் வருஷத்துச் சட்டம் இதை விதியாகவே வகுத்திருக்கிறது: துணைவருக்குத் தொற்றும் அபாயம் மிகுந்திருந்து, ஆலோசனை கூறியும் நோயாளி தெரிவிக்கமாட்டார் என்று உறுதிப்பட்டால், முன்கூட்டியே நோயாளிக்கு அறிவித்துவிட்டு வைத்தியர் துணைவரிடம் நேரில் சொல்லலாம், ஆனால் அதனால் நோயாளி, குறிப்பாக ஒரு பெண், அடிபடவோ கைவிடப்படவோ நேருமென்ற நியாயமான அச்சமிருந்தால் சொல்லலாகாது. அச்சட்டம் எச்.ஐ.வி.யைக் குறித்தே பேசுகிறது. சிபிலிஸோடும் வெட்டையோடும் வருகிறவர்களிடத்திலும் வைத்தியர்கள் அதே ஜாக்கிரதையையும் அதே தாட்சண்யத்தையும் காட்டவேண்டுமென்று கேட்பது மிகையாகாது.