கையா, மெஷினா? காரின் கீறல் போகும் விதம்!

காலை ஒன்பது மணி. வாசலில் கறுப்புக் கார் நிற்கிறது. நேற்றுத்தான் கழுவித் துடைத்தார்கள். வெயில் ஏறியதும் பார்த்தால், பானெட் முழுவதும் சிலந்தி வலை! வட்ட வட்டமாக, மெல்லிய கோடுகள்!

"யாரோ பொறாமையில் கீறிவிட்டார்கள்" என்பாள் அம்மா. "பக்கத்து வீட்டுப் பையனாகத்தான் இருக்கும்" என்பார் அப்பா.

பாவம், அந்தப் பையன்! கீறியவர் வேறு யாரும் அல்ல. நேற்றுக் காரைத் துடைத்தவரேதான்!

காரின் மேல் எப்போதும் மண் துகள் படிந்து இருக்கும். தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த துணியால் துடைத்தால் அந்தத் துகள் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ஒவ்வொரு நாளும் நூறு கோடு!

கோடுகள் உண்மையில் வட்டமாக இருப்பதும் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில், ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. அதனால்தான் சூரியனைச் சுற்றி வளையம் போட்டது போலத் தோன்றுகிறது. காரைச் சுற்றி நடந்து பாருங்கள். வளையமும் கூடவே நகர்ந்து வரும்!

நகம் சொல்லும் தீர்ப்பு

கீறல் போகுமா, போகாதா? அதற்குக் கருவி வேண்டாம். விரல் நகம் போதும். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்க வேண்டும். நகம் வழுக்கிப் போனால், பாலிஷ் போட்டால் பெரும்பாலும் போய்விடும். நகம் மாட்டினால், கையாலும் போகாது, மெஷினாலும் போகாது. பெயிண்டர்தான் கதி.

ஏன் அப்படி? பாலிஷ் என்பது கீறலை அடைப்பது அல்ல. கீறலைச் சுற்றி உள்ள மேட்டைத் தேய்த்துக் குறைப்பது! மேடு பள்ளத்தின் அளவுக்கு இறங்கினால், கீறல் மறைகிறது.

இன்றைய கார்களில், நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. "கிளியர் கோட்" என்பார்கள். 1980-களில் இது உலகில் பரவலாயிற்று. அதன் கனம் பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான் உண்டு. உங்கள் கையில் இருக்கும் இந்தப் பத்திரிகைத் தாளைத் தடவிப் பாருங்கள். அந்தப் பூச்சு இதைவிட மெல்லியது! தேய்ப்பதற்கு இருக்கும் முதல் அவ்வளவுதான். தேய்த்தது திரும்பி வராது. பூச்சு மெலிந்துவிட்டால், சில ஆண்டுகளில் வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கும்.

கை வேலை

கையால் தேய்ப்பவருக்கு வேண்டியது ஸ்பாஞ்சு, பாலிஷ், மெல்லிய துணி, பொறுமை. பொறுமைதான் நிறைய வேண்டும். ஒரு கதவை முடிப்பதற்குள் தோள் இற்றுப்போகும்.

வெறும் துணியை விரலால் அழுத்தித் தேய்ப்பது தவறு. விரல் பட்ட இடத்தில் அழுத்தம் அதிகம், இடையில் குறைவு. கோடு கோடாகத் தெரியும். ஸ்பாஞ்சு வைத்துத் தேய்த்தால் அழுத்தம் சமமாகப் பரவும்.

கைப்பிடிக்கு அடியில் நகம் பட்ட கீறல், ஒரு ரூபாய் நாணயம் அளவு கறை, வளைவு, விளிம்பு – இவற்றுக்கெல்லாம் கைதான் சிறந்தது. கை அவ்வளவு சீக்கிரம் சூடு கிளப்பாது. தவறு செய்தாலும் மெதுவாகத்தான் செய்யும்!

மெஷின் வேலை

பானெட் முழுவதும் வலை பின்னியிருந்தால், கையால் ஆகாது. மெஷின் வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஒரே அச்சில் சுழல்வது. பட்டறைகளில் பல காலமாக இருப்பது இதுதான். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேலும் சுழலும். வேலை வேகமாக முடியும். சூடும் வேகமாக ஏறும். கதவு விளிம்பிலோ, பானெட்டின் மடிப்பிலோ பூச்சு மெல்லியதாக இருக்கும். அங்கே சில நொடி அதிகமாக நின்றால், பூச்சு போய் நிறம் வெளியே வந்துவிடும்! பிளாஸ்டிக் பம்பரில் ஆபத்து இன்னும் அதிகம். இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பரப்பாது.

இன்னொன்று, சுழன்றுகொண்டே ஆடவும் செய்வது. பெரும்பாலான மாடல்களில், அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். வெறும் ஆட்டம் மட்டும் இருக்கும். வீட்டில் முதல் முறையாக மெஷின் பிடிப்பவருக்கு இதுதான் ஏற்றது. அப்படியும் விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

துணியில் நிறம் வந்தால்?

கிளியர் கோட் உள்ள காரில், பாலிஷ் துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்த வேண்டும். மேல் பூச்சைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

பழைய கார்கள் வேறு. 1923-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி "டூகோ" என்ற பெயிண்டைக் கொண்டு வந்தது. 1924-ம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்கள் அந்தப் பெயிண்டில் நீல நிறமாக வந்தன. அதற்கு முன்பு வார்னிஷ் காய்வதற்கே வாரக் கணக்கில் ஆகும். டூகோ சீக்கிரம் காய்ந்தது. ஆனால் பளபளப்பு தானாக வரவில்லை. தேய்த்துத்தான் வரவழைத்தார்கள்! பழைய அம்பாசடர் காரைத் தேய்த்தவர்களுக்கும் தெரியும். துணியில் நிறம் ஒட்டும். நிறமே மேல் பூச்சாக இருந்ததால், அங்கே அது இயல்பு.

எப்படித் தொடங்குவது?

முதலில் காரை நன்றாகக் கழுவ வேண்டும். மண்ணோடு மெஷின் போட்டால், பழைய கீறல் போய் ஆயிரம் புதுக் கீறல் வரும். நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு, கை அகல இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்க்க வேண்டும். மென்மையான பாலிஷ்தான் முதலில். அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்தது. எடுத்த எடுப்பில் முரட்டுக் காம்பவுண்டை அப்புகிறவர்கள்தான் அதிகம்! பளபளப்பு இல்லாத "மேட்" பெயிண்டுக்கு இந்த வேலையே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, திட்டாக நிற்கும்.

காக்கை எச்சம் விழுந்தால் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு, ஊறிய பிறகு மெல்ல எடுக்க வேண்டும். அன்றே எடுத்தால் தண்ணீரோடு போகும். வெயிலில் நாள் கணக்கில் விட்டால் பூச்சை அரித்துவிடும். பிறகு கையா, மெஷினா என்ற கேள்வி மறுபடியும் வரும்.