உகந்தைக்கு அப்பால் போகாத கோல்

ஆடிவேல் ரதம் செட்டித்தெருவில் புறப்பட்டு, காலிமுகத்திடலைத் தாண்டி, கொள்ளுப்பிட்டி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு உருளும் பருவத்தில், தீவின் தென்கிழக்கு மூலையில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் யால காட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேல் தாங்கிப் புறப்பட்டால் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. உகந்தை வரை வீட்டாருக்குக் கவலை குறைவு. இரவு தங்கும் கோயிலில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு கோல் எடுத்தால் போதும். உகந்தைக்கு அப்பால் குமண, கும்புக்கன் ஓயா, யால. நாலைந்து நாள் காடு.

அந்த நாட்களில் கொள்ளுப்பிட்டியிலிருந்து மகள், யாத்திரையில் நடக்கும் அம்மாவின் இலக்கத்துக்கு எடுத்தால், சில விநாடி அமைதி. பிறகு தொடர்புகொள்ள முடியவில்லை என்ற அறிவிப்பு. அந்தச் சில விநாடிக்குள் என்ன நடக்கிறது?

நாம் பேசாதபோதும் போன் சும்மா இருப்பதில்லை. ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குள் போனதும், அசையாமல் இருந்தால் குறித்த இடைவெளிக்கு ஒருமுறையும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று டவருக்குச் சொல்லிவைக்கும். வலையமைப்பின் பதிவேட்டில் இருப்பது அந்த வட்டாரம் மட்டுமே. அழைப்பு வரும்போது வட்டாரத்தின் எல்லா டவர்களும் சேர்ந்து, திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, அந்தப் போனைக் கூப்பிடும். கடைசியாக, உகந்தைக்கு முன்னுள்ள பாணமைப் பக்கம் பதிந்த போன் பதில் தராவிட்டால் அறிவிப்பு ஒலிக்கும். குறித்த நேரத்தில் அடுத்த பதிவும் வராவிட்டால், வலையமைப்பு அதை "இல்லை" என்று குறித்துவிடும். அதன்பின் தேடுதல் கிடையாது. அறிவிப்பு உடனே வரும். ஆக, முதல் நாள் கொஞ்சம் தாமதித்து வந்த குரல் மறுநாள் சட்டென்று வந்தால், காட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று பொருளில்லை. பதிவேட்டில் ஒரு குறி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

காட்டுக்குள் அலை ஏன் எட்டுவதில்லை? முதற்காரணம் பூமியின் வளைவு. தரையில் நிற்பவர் கையிலுள்ள போனுக்கு வானொலி அடிவானம் ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்தில், 50 மீட்டர் டவருக்கு ஏறத்தாழ 29 கி.மீ. இரண்டையும் கூட்டினால் வரும் 34 கி.மீ.க்கு அப்பால் ஒன்று மற்றதற்கு மறைந்துவிடும். 30 மீட்டர் உயரப் பாறையில் ஏறினால் அந்த 5 கி.மீ. 22 கி.மீ.க்கு மேல் போகும். சிக்னல் தேடிப் பாறை ஏறுகிறவருக்குச் சூத்திரம் தெரியாவிட்டாலும் கணக்குச் சரிதான்.

இரண்டாவது, மரங்கள். இலையிலுள்ள நீர் அலையை உறிஞ்சும். கிளையும் தண்டும் அதைச் சிதறடிக்கும். மழையில் நனைந்த காடு இன்னும் மோசம். அதிர்வெண் கூடக்கூட இழப்பும் கூடும். 1,800 மெகாஹெர்ட்ஸ் தடுமாறும் இடத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் ஓரளவு நுழைந்து வரும்.

மூன்றாவது வியப்பானது: கடிகாரம். பழைய ஜி.எஸ்.எம். முறையில் எட்டுப் பேர் ஒரே அலைவரிசையை முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒருவரின் முறை 577 மைக்ரோ விநாடி. ஒளிவேகத்தில் போகும் அலைகூட 35 கி.மீ. போய்த் திரும்ப 233 மைக்ரோ விநாடி எடுக்கும். தூரத்துப் போன் அந்தத் தாமதத்தை ஈடுகட்டக் கொஞ்சம் முந்திப் பேசவேண்டும். அதற்கு வகுத்த எல்லை 35 கி.மீ. அதைத் தாண்டினால், சிக்னல் தெளிவாக எட்டினாலும் நம் பேச்சு அடுத்தவர் முறைக்குள் போய் விழும். டவர் அதை ஏற்காது.

சிக்னல் இல்லாத காட்டில் மின்கலம் சீக்கிரம் தீர்வதற்கும் காரணம் உண்டு. டவருக்கு அருகில் ஜி.எஸ்.எம். போன் 3 மில்லிவாட் அளவுக்குத் தணிந்தும் பேசும். தூரத்தில் 2 வாட் வரை உயர்த்தும். அது 600 மடங்குக்கு மேல். டவரே தென்படாவிட்டால் எல்லா அலைவரிசைகளையும் திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டிருக்கும். காட்டு வழியில் போனை அணைத்து வைப்பவரிடம்தான் அவசரத்துக்குச் சார்ஜ் மிஞ்சும்.

ஓரத்தில் ஒரு கோடு சிக்னல் மின்னி மறையும் இடத்தில் குறுஞ்செய்தியே கைகொடுக்கும். பேச்சுக்குத் தொடர்பு அறாமல் நிற்கவேண்டும். 140 பைட் செய்திக்குச் சில விநாடி போதும். எதிர்ப்புறப் போன் இல்லாவிட்டால், செய்தி நிலையம் அதை வைத்திருந்து, அந்தப் போன் மீண்டும் பதிந்ததும் அனுப்பும். அந்த 140 பைட்டில் ஆங்கில எழுத்தென்றால் 160. தமிழென்றால் 70 இடம்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். "காட்டுக்குள்ள போறம். அஞ்சு நாள் போன் இல்லை. யோசிக்காதேங்கோ." எண்ணிப் பார்த்தால் 59. ஒரே செய்திக்குள் அடங்கிவிடுகிறது.

பாணமையிலோ உகந்தையிலோ சிக்னல் இருக்கும்போதே அனுப்பும் இந்த ஒரு வரி, காட்டுக்குள் பாறை ஏறி எடுக்கும் பத்துக் கோலைவிடப் பெறுமதியானது. 1948இல் பெல் ஆய்வுக்கூடத்தின் குளோட் ஷனன் தகவலுக்கு ஓர் அளவுகோல் தந்தார்: ஒரு செய்தி எவ்வளவு ஐயத்தைத் தீர்க்கிறதோ அவ்வளவே அதன் தகவல். அந்த அளவுகோலை மௌனத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்லப்பட்ட மௌனம் புதிதாக எதையும் அறிவிப்பதில்லை. அதனால் அது பயமுறுத்துவதுமில்லை. இலங்கைக்குச் செல்லிடத் தொலைபேசி வந்தது 1989இல். அதற்கு முன் நடந்தவர்களின் வீட்டார், கொடியேற்றத் திகதியையும் தீர்த்தத் திகதியையும் வைத்தே நாளைக் கணித்தார்கள். எப்போதும் எட்டலாம் என்று போன் பழக்கிவிட்ட பிறகுதான் எட்டாத ஒரு மணி நேரமும் கெட்ட சகுனமாயிற்று.

காட்டுவழி திறக்கும் நாள் முன்பே அறிவிக்கப்படுவதால் கணக்கிடுவது எளிது. நுழையும் நாள், வெளிவரும் நாள், அதற்கு மேல் எத்தனை நாள் பொறுத்துவிட்டு விசாரிப்பது: இந்த மூன்றும் வீட்டுக்குத் தெரிந்தால் போதும். கதிர்காமத்தில் போனை உயிர்ப்பித்ததும் காத்திருந்த செய்திகள் வரிசையாக வந்து விழும். அவற்றில் "எங்க நிக்கிறீங்கள்?" என்பது ஒன்றுகூட இல்லையென்றால், அந்த 59 எழுத்தும் தம் வேலையைச் செய்துவிட்டன.